இருபத்தைந்து பேரும் ஒரு ரின்மீன் மூடியும்

போன மாதம் நான் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெண் சாரணியருக்குச் சின்னம் சூட்டும் விழாவுக்கு நான் சிறப்பு விருந்தினராம். ஐந்து நிமிஷம் பேச வேண்டும். தலைப்பையும் அவர்களே தந்திருந்தார்கள்: ‘அணிநடைப் பயிற்சியின் பயன்கள்’. சிறப்பு விருந்தினர் என்றதும் என்னைப் பெரிய ஆள் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து உத்தியோகம் பார்க்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடித்து, இப்போது என் முறை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

போனேன். ஒழுக்கம் வரும், ஒற்றுமை வரும், தலைமைத்துவம் வளரும் என்று மூன்று பயன்களையும் சொன்னேன். எட்டாம் வகுப்பில் இதே தலைப்பில் கட்டுரை எழுதி, இதே மூன்றையும் சொல்லித்தான் நல்ல புள்ளி வாங்கியிருந்தேன். இத்தனை வருஷத்தில் அணிநடையின் பயன்கள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். தகரத்தில் அடைத்து வருகிற ரின்மீனின் மூடிக் கதையை மட்டும் நான் சொல்லவில்லை. அதற்கு ஐந்து நிமிஷம் காணாது.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. போர் முடிந்து நாங்கள் முரசுமோட்டைக்குத் திரும்பி வந்து குடியேறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பா வயல் செய்தார். அம்மா கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனார். விடியப்புறம் நாலு மணிக்கு ஒரு வாகனம் வந்து ஒழுங்கை முகப்பில் ஒலி எழுப்பும். அம்மா சாப்பாட்டுப் பெட்டியோடு ஏறிப் பளைப் பக்கம் போய்விடுவார். எங்களுக்குத் தேத்தண்ணி வைத்து, தலை இழுத்துப் பின்னி, பள்ளிக்கூடம் அனுப்புவது அப்பாதான். அப்பா இழுத்த தலை இரண்டாம் பாடத்துக்குள் அவிழ்ந்துவிடும்.

அம்மாவின் வேலையை ஒருநாள் அவரே எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார். ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை. கனத்த மேலங்கி, முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடி. முழங்காலில் இருந்துகொண்டு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறிப் பார்க்க வேண்டும். வெயில் ஏற ஏற அங்கிக்குள் வியர்வை ஓடும். ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் சில நேரம் இரண்டு பாய் விரிக்கிற அளவு நிலம்தான் முடியும். அந்த நிலத்தில் ஒன்றும் இல்லையென்றாலும் அதே நேரம்தான் ஆகும் என்றார். எனக்கு அது சரியான அலுப்புப் பிடித்த வேலையாகத் தோன்றியது.

வீட்டிலும் அம்மா அப்படித்தான். முற்றத்தில் நடந்தாலும் கண் நிலத்தில்தான் இருக்கும். “உங்கட அம்மா சோத்துக்குள்ளயும் தேடித்தான் சாப்பிடுவா” என்று அப்பா பகிடி பண்ணுவார். அயலில் யாருடைய தோடாவது கழன்று விழுந்தால் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவும் சளைக்காமல் போய்க் குந்தியிருந்து தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு வருவார்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. தெரியாத இரும்பைக் கண்டால் நில். தொடாதே. வந்த அடியிலேயே திரும்பிப் போ. போய்ப் பெரிய ஆள் ஒருவரிடம் சொல். இதைப் பள்ளிக்கூடத்திலும் படம் போட்டுச் சொல்லித் தந்தார்கள். பெரிய ஆட்களுக்கென்று அம்மாவிடம் இன்னொன்று இருந்தது. அதை அப்பாவுக்கு அடிக்கடி சொல்லுவார்: “முதல் ஆக்களை எடுக்க வேணும். ஒரு குஞ்சு குருமன் கிட்ட நிக்கக் கூடாது. பிறகுதான் சாமானைப் பாக்க வேணும்.” எங்கள் வயலில் ஒருமுறை ஏதோ இரும்பு தட்டுப்பட்டபோது, அது பழைய கலப்பைக் கொழு என்று தெரியவரும்வரை எங்களை வாய்க்காலுக்கு அப்பால், றோட்டுக்கும் அப்பால், ஒரு வேப்பமரத்தடியில் அரை நாள் இருத்தி வைத்தவர் அவர்.

இந்தச் சட்டங்களோடு வளர்ந்த எங்களுக்கு நடை என்றால் ஒன்றுதான். ஒருவர் பின்னால் ஒருவர், முன்னால் போகிறவரின் அடியில் அடி வைத்து, கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு நடப்பது. ஊரில் வெடி எடுத்துத் துப்புரவாக்கிய இடமெல்லாம் பலகை நட்டு முடிந்திருந்தது. ஆனாலும் நாங்கள் அப்படித்தான் நடந்தோம். பயத்தில் நடந்தோம் என்று சொல்ல மாட்டேன். வெயிலுக்குக் குடை பிடிப்பது போல அது ஒரு பழக்கம்.

அந்த வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு புது ரீச்சர் மாற்றலாகி வந்தார். தினமும் பஸ்ஸில் வந்து போவார். பள்ளிக்கூடத்தில் பெண் சாரணியர் அணி ஒன்றைத் தொடங்கினார். தொப்பியும் கழுத்துத் துணியும் யாரோ உதவி செய்து வந்து சேர்ந்தன. முதல் நாள் மைதானத்தில் எங்களை மூன்று வரிசையாக நிறுத்தி, “முன்னே நட” என்றார். நாங்கள் நடந்தோம். இருபது அடி போவதற்குள் மூன்று வரிசையும் ஒட்டி ஒரே வரிசையாகிவிட்டது. ஒருத்தியின் அடியில் அடுத்தவள் அடி வைத்து, எல்லோரும் குனிந்த தலையோடு போய்க்கொண்டிருந்தோம்.

ரீச்சர் தலையில் கை வைத்தார். “ஐயோ பிள்ளையள், இதென்ன செத்த வீட்டுக்கே போறியள்? நிமிர்ந்து பாருங்கோ! நிலத்தில என்ன கிடக்கு?”

அவர் கேட்டது கேள்வி இல்லை என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தி கையை உயர்த்தி, என்னென்ன கிடக்கலாம் என்று படத்தில் கண்ட வரிசைப்படி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். ரீச்சர் அவளை நிறுத்தினார். பிறகு மைதானத்தின் ஓரத்தில் நட்டிருந்த பலகையைக் காட்டினார். இது துப்புரவாக்கிய இடம், இங்கே நிமிர்ந்து நடக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார்.

சொல்லி வருமா? அடுத்த நாளிலிருந்து எல்லோர் தலையிலும் ஒரு பாடக் கொப்பியை வைத்தார். குனிந்தால் கொப்பி விழும். முதல் கிழமை மைதானம் முழுக்கக் கொப்பியாகக் கிடந்தது. கணக்குக் கொப்பி சேறாகி நான் வீட்டில் ஏச்சு வாங்கினேன். மூன்றாம் கிழமை கொப்பிகள் தலையில் நின்றன. இரண்டாம் மாதம் கொப்பி இல்லாமலே தலைகள் நின்றன. எங்களுக்கே புதினமாக இருந்தது. இருபத்தைந்து பேரின் காலும் ஒன்றாக விழும்போது நிலம் அதிர்கிற சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் காத்திருப்பேன். பள்ளிக்கூடப் படலை தாண்டியதும் பழையபடி குனிந்து, ஒருவர் பின்னால் ஒருவராக வீட்டுக்குப் போனோம்.

அணித் தலைவியாக என்னைத்தான் எடுத்தார்கள். அறிவுக்காக இல்லை, தொண்டைக்காக. வயல் வரம்பில் நின்று மாடு சாய்த்து வளர்ந்த தொண்டை. நான் “அணி நில்” என்றால் றோட்டில் போகிற சைக்கிள்காரரும் ஒருமுறை காலை ஊன்றுவார் என்று அப்பா சொல்லுவார்.

மாவட்டப் போட்டி வந்தது. முதலாவதாக வருகிற அணியை மலைநாட்டில் நடக்கிற பாசறைக்குக் கூட்டிப் போவார்கள். ரெயினில், சுரங்கத்துக்குள்ளால். நான் அதுவரைக்கும் மலையைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். எங்கள் ஊரில் ஆக உயரமானது குளக்கட்டு. அதில் ஏறி நின்றால் தெரிவது இன்னும் கொஞ்சம் வயல். உண்மையான மலையில் ஏறிக் கீழே பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. இரவில் படுத்துக்கொண்டு ரெயின் சுரங்கத்துக்குள் போகும்போது காதை மூட வேண்டுமா கண்ணை மூட வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மற்றப் பள்ளிக்கூடங்களின் பயிற்சியைப் பார்த்து வந்த ரீச்சர், “பிள்ளையள், பிழை விடாமல் நடந்தியள் எண்டால் முதலாம் இடம் எங்களுக்குத்தான்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போட்டியன்று அம்மா லீவு போட்டார். ஒரு பள்ளிக்கூட நிகழ்ச்சிக்கு அவர் லீவு போட்டது அதுதான் முதல் தடவை. கல்யாண வீடுகளுக்கு மட்டும் உடுக்கிற பச்சைச் சாறியை உடுத்திக்கொண்டு, பெற்றோருக்குப் போட்டிருந்த கதிரைகளில் முன்வரிசையில் போய் இருந்தார். முதல்நாள் இரவு நல்ல மழை. போட்டி நடந்த மைதானம் ஈரமாக, மேல்மண் கழுவிக் கிடந்தது.

ஏழு அணிகளில் நாங்கள் ஐந்தாவது. மேளம் தொடங்கியது. நான் முன்னால், எனக்குப் பின்னால் மூன்று வரிசையில் இருபத்துநான்கு பேர். தலை நிமிர்ந்திருந்தது, கை ஒரே உயரத்தில் போய் வந்தது. நடுவர்களின் மேசையைக் கடக்கும்போது “பார்வை வலம்” என்று கத்தினேன். இருபத்துநான்கு முகமும் ஒன்றாகத் திரும்பியது பின்னால் கழுத்துத் துணிகள் உரசிய சத்தத்தில் தெரிந்தது. கதிரைகளில் யாரோ கை தட்டினார்கள். இனிப் பாதி மைதானம்தான், பிறகு மலை என்று நினைத்தேன்.

நினைத்ததும் தலை கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். அணிநடையில் இத்தனை நாள் குனியாத கண் குனிந்தது. எனக்கு நேர் முன்னால், மூன்று நான்கு அடியில், மழை கழுவிய மண்ணுக்குள்ளிருந்து வளைந்த துருப்பிடித்த விளிம்பு ஒன்று தெரிந்தது.

அணியை நிறுத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. எந்தக் கால் விழும்போது சொல்ல வேண்டும், பிறகு எத்தனை அடி என்றெல்லாம் கணக்கு உண்டு. அது ஒன்றும் எனக்கு வரவில்லை. கை தானாக மேலே போனது. “நில்!” என்று கத்தினேன்.

நின்றார்கள். தூக்கிய காலைத் தூக்கியபடியே சிலர் நின்றார்கள். ஒருத்தியும் அடுத்தவளில் இடிக்கவில்லை. ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நான் நிலத்தைக் காட்டி, “வந்த அடியிலயே பின்னால!” என்றேன். ஈரமண்ணில் எங்கள் அடிகள் அச்சுப் போலப் பதிந்திருந்தன. இருபத்தைந்து பேரும் பின்பக்கமாக, தங்கள் தங்கள் அடியில் காலை வைத்து, ஏழு அடி பின்னால் போய் வரிசை குலையாமல் நின்றோம். மேளக்காரப் பிள்ளைகள் மட்டும் விளங்காமல் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அதுவும் நின்றது.

 நடுவர்களில் ஒருவர் எழுந்து எட்டிப் பார்த்தார். கயிற்றுக்கு அப்பால் நின்ற பெடியன் ஒருவன் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, “டேய், அது ரின்மீன் மூடியடா! ரின்மீனுக்குப் பயந்த படை!” என்றான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு கயிற்றோரமாக நெருப்புப் போலப் போனது. நடுவர் மேசையில் இருந்த ஒருவர் வாயைக் கைலேஞ்சியால் மூடினார். என் முகம் சுட்டது. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது.

அப்போதுதான் அம்மா கதிரையிலிருந்து எழும்பினார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைக் குனிந்து கடந்து மைதானத்துக்குள் வந்தார். வரும்போதே ஒரு கையை உயர்த்திப் பிடித்திருந்தார். சிரிப்பு அறுந்துபோனது.

“நீங்கள் ஆரம்மா?” என்று கேட்டார், வாயை மூடியவர்.

“நான் கண்ணிவெடி எடுக்கிற வேலை செய்யிறனான். கொஞ்சம் பொறுங்கோ, நான் பாக்கிறன்” என்றார் அம்மா.

கேட்டவர் நாலடி பின்னால் போய் நின்றார். அம்மா எங்களைப் பார்த்து, “அப்பிடியே நில்லுங்கோ பிள்ளையள்” என்றார். கோடு போடுகிறவரிடம் சுண்ணாம்பு வாங்கி அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கயிற்றோரம் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். பிறகு அந்தப் பச்சைச் சாறியோடு சேற்றில் முழங்காலில் இருந்தார். ஈர்க்கால் மண்ணைத் தொட்டார். விரலால் ஒதுக்கினார். மறுபடி ஈர்க்கு, மறுபடி விரல். கால் மணித்தியாலம் போயிருக்கும். முழு மைதானமும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. ரின்மீன் என்று கத்திய பெடியனும் கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் அம்மா அதை இரண்டு விரலால் எடுத்துத் தூக்கிக் காட்டினார். ரின்மீன் மூடிதான்.

“ரின்மீன் மூடி” என்றார், எல்லோருக்கும் கேட்க. “ஆனா பிள்ளையள் நிண்டது சரி.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் கை தட்டினார், பிறகு இன்னும் சிலர் தட்டினார்கள். எங்களைத் திரும்ப நடக்க விட்டார்கள். நாங்கள் நடந்த நடைகளிலேயே அதுதான் திறமான நடை என்று ரீச்சர் பிறகு சொன்னார். ஆனால் சட்டம் சட்டம்தான். நடையின் நடுவில் கட்டளை முறை தவறி நின்ற அணிக்குப் புள்ளி இல்லை. ஏழில் ஏழாவதாக வந்தோம். நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்று மலைக்குப் போனது.

பஸ்ஸில் நான் அம்மாவோடு ஒன்றாக இருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெடித்துவிட்டேன். நிலத்தைப் பார்க்கப் பழக்கியது நீங்கள், உங்களால்தான் எல்லாம் போனது என்று கத்தினேன். அதைவிட எனக்கு ஆறாதது அந்தக் கால் மணித்தியாலம். எங்களை அத்தனை சனத்துக்கு முன்னால் காட்சிக்கு வைத்தது போல நிறுத்திவிட்டு, சும்மா ஒரு மூடியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு காலம் வேலை செய்தும் ரின்மீன் மூடியை அடையாளம் தெரியேல்லையே உங்களுக்கு?”

அம்மா சாறியின் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். “வடிவாப் பாத்தாத்தானே பிள்ளை தெரியும்” என்றார். அப்பா ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்தார், அவர் பகிடியை விழுங்கிவிட்டார். அந்தக் கறை சாறியிலிருந்து போகவே இல்லை. நான் ஒரு மாதம் அம்மாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

 அடுத்த பயிற்சியில் ரீச்சர் புதுப் பிள்ளைகளின் தலையில் கொப்பி வைக்கவில்லை. மலையைப் பிறகு நான் பல்கலைக்கழகம் போகும்போது பார்த்தேன். நல்லாயிருந்தது. ரெயின் சுரங்கத்துக்குள் போனபோது ஒன்றையும் மூடவில்லை.

இதெல்லாம் முடிந்த கதை என்றுதான் போன மாதம்வரை நினைத்திருந்தேன். அன்றைக்குப் பேசி முடித்துவிட்டு முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தேன். பிள்ளைகள் அணிநடை காட்டினார்கள். நிமிர்ந்து, சிரித்த முகத்தோடு நடந்தார்கள். ஒருத்தியும் நிலத்தைப் பார்க்கவில்லை. அவர்களின் கால்களுக்கு முன்னால் ஏதோ கிடந்து மின்னியது. நசிந்த பால்பக்கற். கதிரையில் இருந்த எனக்கே, கண்ணாடி போட்ட என் கண்ணுக்கே, அது பால்பக்கற் என்று தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அம்மாவின் சட்டம் நினைவுக்கு வந்தது. முதல் ஆக்களை எடுக்க வேண்டும். கலப்பைக் கொழுவுக்கு எங்களை றோட்டுக்கு அப்பால் அரை நாள் இருத்தியவர், அன்றைக்கு எங்களை ஏழு அடி தள்ளி “அப்பிடியே நில்லுங்கோ” என்று விட்டார். ஒரு கதிரையைக்கூடப் பின்னால் எடுக்கச் சொல்லவில்லை. அங்கியும் இல்லாமல், கண்ணாடியும் இல்லாமல், விளக்குமாற்று ஈர்க்கோடு இருந்தார்.

விழா முடிந்ததும் மாலையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். அம்மா இப்போது அந்த வேலைக்குப் போவதில்லை, முழங்கால் விடுவதில்லை. மீன்காரர் வராததால் குசினியில் ரின்மீன் உடைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, அண்டைக்கு அது ரின்மீன் மூடி எண்டு உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?”

எண்டைக்கு என்று அவர் கேட்கவில்லை. “கதிரையில இருக்கேக்கயே தெரிஞ்சது” என்றார்.

“பிறகேன் சேத்துக்குள்ள கால் மணித்தியாலம் கிண்டினனீங்கள்?”

மூடியைப் பேப்பரில் சுற்றி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். “இருபத்தைஞ்சு பிள்ளையள் ஒரு சொல்லுக்கு நிண்டியள். அதுக்குச் சனம் சிரிச்சது. நான் சும்மா வந்து அதைத் தூக்கி எறிஞ்சிருந்தால் நானும் சிரிச்ச மாதிரித்தானே? பிறகு உண்மையாய் ஒண்டு கிடக்கிற இடத்தில, சிரிப்பாங்கள் எண்டு வெக்கப்பட்டு நிக்காமல் போயிருப்பியள்.” மீனைச் சட்டியில் கொட்டிவிட்டு, “நீ மலை பாக்க ஆசைப்பட்டது எனக்குத் தெரியும்” என்றார்.

அன்று அந்த ஏழு அடிக்கு இப்பால் தலைவியாக நிமிர்ந்து நின்றுகொண்டு, கால் மணித்தியாலமும் நான் மனதுக்குள் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் முழங்காலில் இருந்து அப்புறப்படுத்திக்கொண்டிருந்தது அந்தச் சிரிப்பை என்று எனக்குத் தெரியவில்லை.